35 பிள்ளைகள், 400 சதுர அடி: சேர்ந்த பணத்தை வகுப்பறையில் எதற்குப் போடுவது?

கடந்த சில மாதங்களில் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஒருவர் மட்டக்களப்பு மாவட்டத்தில் களுவாஞ்சிக்குடிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றின் அபிவிருத்திக் குழுவில் இருக்கும் தந்தை. இன்னொருவர் அம்பாறை மாவட்டத்தின் திருக்கோவில் கல்வி வலயத்தில் புதிதாக அதிபர் பொறுப்பு எடுத்தவர். மூன்றாமவன் என்னிடம் தரம் 4 படித்தவன், இப்போது கனடாவில் இருக்கிறான். "ரீச்சர், நாங்க கொஞ்சப் பேர் சேர்ந்து ஒரு வகுப்பறையைப் புதுசாக்கித் தரலாம் எண்டு நினைக்கிறம். ஸ்மார்ட் போட் வாங்குறதா, மேசை கதிரை மாத்துறதா, இல்லாட்டி கூரையைப் பார்க்கிறதா? ஆளாளுக்கு ஒண்டு சொல்றாங்க" என்றான்.

மூவருக்கும் தொலைபேசியில் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன். மட்டக்களப்பு வாவியின் மேற்கே படுவான்கரையிலும் கிழக்கே எழுவான்கரையிலுமாக 27 வருடம் ஆரம்ப வகுப்புகளில் படிப்பித்திருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகும் ஒரு பாடசாலையின் அபிவிருத்திக் குழுவில் இருக்கிறேன். கட்டடப் பொறியியல் எனக்குத் தெரியாது. ஆனால் எந்த அறையில் பிள்ளை படிக்கும், எந்த அறையில் மேசையில் தலை வைத்துத் தூங்கும் என்பது நன்றாகத் தெரியும்.

## எதை வைத்து அளப்பது?

திட்ட அறிக்கைகளில் மூன்று சொற்கள் தவறாமல் வரும்: நெகிழ்வான வகுப்பறை, நிலைபேறான வகுப்பறை, ஊடாடும் வகுப்பறை. நல்ல சொற்கள்தான். ஆனால் எங்கள் மண்ணில் அவற்றுக்கு என்ன பொருள் என்பதை நாங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

நெகிழ்வு என்றால் காலையில் வட்டமாக இருந்து கதை கேட்ட பிள்ளைகள், அடுத்த பாடவேளையில் நால்வர் நால்வராகக் கணக்குச் செய்ய முடிய வேண்டும். அது பாதிதான். மற்றப் பாதியை எங்கள் மாவட்டங்கள் அனுபவித்தே கற்றுக்கொண்டன. பரீட்சை வந்தால் அதே அறை பரீட்சை மண்டபம், தேர்தல் வந்தால் வாக்களிப்பு நிலையம், வெள்ளம் வந்தால் இடைத்தங்கல் முகாம். 2004 சுனாமிக்குப் பிறகும் 2011 சனவரி வெள்ளத்திலும் எத்தனை குடும்பங்கள் வகுப்பறைகளில் படுத்தெழும்பின! அந்த நேரம் தளபாடத்தை அவசரமாக வெளியே இழுத்துப் போட்டதால் மழையில் ஊறி உடைந்துபோன மேசைகளைப் பார்த்திருக்கிறேன். ஆகவே நான் கேட்கும் கேள்வி இரண்டு. அறையை ஐந்து நிமிடத்தில் மாற்றி அடுக்கலாமா? நவம்பர் மாதத்தில் ஒரு மணி நேரத்தில் காலி பண்ணி, பொருட்களைச் சேதமில்லாமல் மேல்மாடிக்கு ஏற்றலாமா?

நிலைபேறு என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவு, பழுதானால் ஊரிலேயே ஆள் இருக்கிறதா என்பது. அதோடு மாதாமாதம் வரும் மின்கட்டணத்தை யார் கட்டுவது என்பதும். நன்கொடை ஒரு தடவை வரும், பில் ஒவ்வொரு மாதமும் வரும்.

ஊடாட்டம் என்றால் யாருடைய கை வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு பாடவேளை 40 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 35 பிள்ளைகளும் எத்தனை நிமிடம் தங்கள் கையால் எழுதினார்கள், தொட்டார்கள், பக்கத்துப் பிள்ளையோடு கதைத்து ஒரு முடிவுக்கு வந்தார்கள்?

இந்த மூன்றுக்கும் முன்னால் வரவேண்டிய இரண்டு விடயங்கள் அறிக்கைகளில் வருவதே இல்லை: வெக்கை, சத்தம். மே மாதம் பகல் பன்னிரண்டு மணிக்குப் பிள்ளை உள்ளே இருக்க முடியாவிட்டால், பின்வரிசைப் பிள்ளைக்கு ரீச்சரின் குரல் கேட்காவிட்டால், மற்ற எதைச் செய்தும் பயனில்லை. இதைத்தான் நான் முதலில் நிறுக்கிறேன். இந்த அளவுகளை வைத்து நான்கு வழிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

## வழி ஒன்று: கூரையையும் காற்றையும் திருத்துவது

மட்டக்களப்பு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எட்டுப் பாகைக்கும் குறைவான இடத்தில் இருக்கிறது. ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் நண்பகல் சூரியன் நேரே உச்சந்தலைக்கு மேல் நிற்கும். அதனால் எங்கள் வகுப்பறைகளில் வெயிலைக் கூடுதலாக வாங்குவது சுவரைவிடக் கூரைதான். பழைய தகரக் கூரை நல்ல வெயிலில் 60 பாகை செல்சியஸைத் தொட்டுவிடும். அது அடுப்புத் தட்டுப் போல மேலிருந்து பிள்ளைகளின் தலைக்கு அனல் வீசும். கீழே மின்விசிறி சுற்றினாலும் அது சுற்றுவது சூடான காற்றைத்தான்.

அதோடு பிள்ளைகளின் உடல் சூட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளை சும்மா இருந்தாலே 60, 70 வாற்று அளவில் வெப்பத்தை வெளிவிடும். 35 பேர் இருக்கும் அறை, இரண்டு இஸ்திரிப் பெட்டிகள் இடைவிடாமல் எரியும் அறைக்குச் சமம். அந்தச் சூடு வெளியே போக வழி வேண்டும்.

செய்யக்கூடியவை எளிமையானவை. தகரக் கூரைக்கு வெயிலைத் திருப்பி அடிக்கும் வெள்ளைப் பெயின்ற் பூசலாம். தகட்டின் கீழே பளபளக்கும் வெப்பத்தடுப்புத் தாள் விரிக்கலாம். அதற்குக் கீழே சீலிங் அடித்து, சீலிங்குக்கும் கூரைக்கும் இடையிலுள்ள சூடு வெளியேற இரண்டு முகப்புச் சுவரிலும் துவாரம் விடலாம். அந்தத் துவாரங்களுக்கு வலை அடிக்க மறக்க வேண்டாம், வௌவால் குடிவந்துவிடும். அடுத்தது யன்னல். ஒரு பக்கம் மட்டும் யன்னல் இருந்தால் காற்று உள்ளே வரும், வெளியே போகாது. எதிர்ச் சுவரில், உயரத்தில் ஒரு வரிசை திறப்பு வைத்தாலே அறை மாறிவிடும். மேற்குச் சுவர்ப் பக்கம் இரண்டு வேம்பு நட்டால் சில வருடங்களில் பின்னேர வெயிலும் குறையும்.

சீலிங் இன்னொரு நன்மையும் தரும். மாரியில் தகரத்தின் மேல் மழை கொட்டும்போது எந்த ரீச்சரின் குரலும் எடுபடாது. அரைமணி நேரம் பாடத்தை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் எனக்கு எத்தனையோ. சீலிங் அந்த இரைச்சலை நன்றாகவே அமத்தும்.

கண்ணுக்குத் தெரியாத செலவு. முதலாவது அஸ்பெஸ்டஸ். எங்கள் பக்கத்துப் பாடசாலைகளில் இன்னும் நிறைய அஸ்பெஸ்டஸ் கூரைகள் இருக்கின்றன. நீல அஸ்பெஸ்டஸ் இலங்கையில் 1987 இலேயே தடைசெய்யப்பட்டது. கூரைத் தகடுகளுக்குப் பயன்பட்டு வந்தது வெள்ளை அஸ்பெஸ்டஸ். எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோயை உண்டாக்கக் கூடியது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. தகடு உடையாமல் கூரையில் இருக்கும்வரை ஆபத்து குறைவு. துளைக்கும்போதும், வெட்டும்போதும், பாசியைக் கம்பித் தூரிகையால் சுரண்டும்போதும்தான் நார்த்தூசி கிளம்புகிறது. சிரமதானம் என்று பெற்றோரைக் கூப்பிட்டு அஸ்பெஸ்டஸ் கூரையைச் சுரண்டி வெள்ளையடிக்கும் யோசனையைத் தயவு செய்து கைவிடுங்கள். தகட்டைத் தொடாமல் கீழே சீலிங் அடிப்பதே நல்லது. கழற்றித்தான் ஆகவேண்டும் என்றால் விடுமுறையில், பழகிய ஆட்களைக் கொண்டு, நனைத்து, உடைக்காமல் இறக்க வேண்டும். உடைந்த துண்டுகளை மைதானப் பள்ளத்தில் போட்டு நிரவக் கூடாது.

இரண்டாவது கடல். கல்லடி முதல் பொத்துவில் வரை கரையோரத்தில் உப்புக்காற்று ஆணியையும் கொளுக்கியையும்தான் முதலில் தின்னும். தகடு நன்றாக இருக்கும், அதைப் பிடித்திருக்கும் ஆணி இற்றுப்போயிருக்கும். 1978 நவம்பர் சூறாவளியில் மட்டக்களப்பில் கூரைகள் பறந்த கதையை வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் சொல்வார்கள். புதுக் கூரை போட்டால் துருப்பிடிக்காத ஆணிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

மூன்றாவது அனுமதி. சுவரிலும் கூரையிலும் மின்னிணைப்பிலும் கைவைக்க முன்னர் வலயக் கல்வி அலுவலகத்தின் எழுத்துமூல அனுமதியை எடுங்கள். அதற்கு நாள் எடுக்கும், அந்த நாட்களையும் திட்டத்தில் சேருங்கள்.

கூரையில் கைவைக்கும்போதே பீலியும் தாங்கியும் பொருத்திவிடலாம். 400 சதுர அடி என்பது 37 சதுர மீற்றர். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர். மட்டக்களப்பில் வருடத்துக்கு 1,600 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. சிந்துவது, முதல் மழையைக் கழுவி விடுவது எல்லாம் போக, ஒரு வகுப்பறைக் கூரையே 45,000 லீற்றர் அளவில் தரும். என்ன, அதில் பெரும்பகுதி நவம்பர் முதல் சனவரிக்குள் ஒரேயடியாக வந்துவிடும். மலசலகூடத்துக்கும் தோட்டத்துக்கும் அது பேருதவி. தாங்கிக்கு நுளம்பு புகாத மூடி கட்டாயம், பீலியில் இலை அடைத்து நீர் தேங்கவும் விடக்கூடாது. 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டம் பாடசாலைக்கும் உண்டு.

எங்கே பொருந்தும். பதினொரு மணிக்குப் பிறகு பிள்ளைகள் சோர்ந்து விழும் எந்த அறைக்கும் இதுதான் முதல் வேலை. மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அனலாக வீசும் காலத்தில் வெல்லாவெளி, கிரான் போன்ற உட்பகுதிகளில் இது இல்லாமல் வேறு எதைச் செய்தாலும் வீண்.

## வழி இரண்டு: மேசை கதிரையையும் சுவரையும் மாற்றுவது

குழுக்கூட்டங்களில் படத்தோடு காட்டப்படுவது பெரும்பாலும் சரிவக வடிவ வண்ண மேசைகளும் சில்லு வைத்த கதிரைகளும்தான். அழகாகத்தான் இருக்கும். சரி, எங்கள் அறைக்குள் அதை வைத்துப் பார்ப்போம்.

20 அடிக்கு 20 அடி அறை, 35 பிள்ளைகள். ஒரு பிள்ளைக்கு 11 சதுர அடி வருகிறது. ரீச்சரின் இடம், அலுமாரி, நடக்கும் வழி எல்லாம் இதற்குள்தான். ஆறு சரிவக மேசைகளை வளையமாகச் சேர்த்தால் நடுவே பெரிய ஓட்டை விழும். அந்த இடம் யாருக்கும் உதவாது. அதற்குப் பதிலாக 2 அடிக்கு ஒன்றரை அடி நீள்சதுர மேசையை எடுங்கள். நான்கைச் சேர்த்தால் 4 அடிக்கு 3 அடி. இரு பக்கமும் இரண்டிரண்டு பிள்ளைகள். கதிரைகளோடு சேர்த்து ஒரு குழுவுக்கு 28 சதுர அடி போதும். ஒன்பது குழுவுக்கு 252. நெருக்கமாகத்தான் இருக்கும், ஆனாலும் அடங்கும். பரீட்சை வந்தால் பிரித்து வரிசையாக்கலாம். ஆகவே புது வடிவம் தேவையில்லை. ஒரே உயரம், ஒரே அகலம், ஒரு பத்து வயதுப் பிள்ளை தனியாகத் தூக்கக்கூடிய பாரம், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கக்கூடிய கதிரை. இவ்வளவும் இருந்தால் அது நெகிழ்வான தளபாடம்.

சில்லு வேண்டவே வேண்டாம். எங்கள் சீமெந்துத் தரையில் எப்போதும் மணல் இருக்கும். ஒரு தவணைக்குள் சில்லு இறுகிவிடும், அப்புறம் பிள்ளைகள் இழுக்கும்போது கால் உடையும். கதிரையோடு எழுத்துப் பலகை பொருத்திய வகையும் ஆரம்ப வகுப்புக்கு ஆகாது. இடக்கைப் பிள்ளை வருடம் முழுவதும் உடம்பை முறுக்கிக்கொண்டு எழுத வேண்டி வரும். உயரத்தையும் பாருங்கள். தரம் 1 பிள்ளையின் கால் தரையில் படாமல் தொங்கினால் அந்தப் பிள்ளையால் இருபது நிமிடம் அசையாமல் இருக்க முடியாது. குழப்படி என்று நாங்கள் திட்டுவது பாதி நேரம் கதிரையின் குற்றம்.

இந்த வழியில் நான் அதிகம் விரும்புவது சுவரை. பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் மூன்று பக்கச் சுவரிலும் கரும்பலகைப் பெயின்ற் பூசிவிட்டால் ஒரே நேரத்தில் பன்னிரண்டு பிள்ளைகள் நின்று எழுதலாம். மற்றவர்களுக்குக் குழுவுக்கு ஒரு சிறுபலகை. தரையில் வட்டமாக இருக்க எங்கள் ஊர்ப் பன்பாய் இரண்டு மூன்று. 1990களின் இறுதியில் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் கேட்டதும் விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை மூன்றும் கலந்த வகுப்பைத்தான். அதை வாங்கிலும் நீட்டு மேசையிலும் நடத்தச் சொன்னதால்தான் நாங்கள் திணறினோம்.

கண்ணுக்குத் தெரியாத செலவு. சத்தம். நால்வர் நால்வராக இருந்து கதைத்துச் செய்யும் வகுப்பு அமைதியாக இருக்காது, இருக்கவும் கூடாது. ஆனால் ஒரே நீண்ட மண்டபத்தைத் தட்டி வைத்துப் பிரித்த வகுப்புகளில், ஒரு வகுப்பின் குழுவேலை அடுத்த வகுப்பின் தமிழ்ப் பாடத்தைக் கொன்றுவிடும். தட்டியில் பாய் தொங்கவிட்டால் எதிரொலி கொஞ்சம் குறையும், பக்கத்து வகுப்பின் பேச்சு குறையாது. கூரை வரை எழும்பிய சுவர் இல்லாத இடத்தில் முதலில் அந்தச் சுவரை எழுப்புங்கள், மேல்பகுதியில் காற்றுக்கு வழி விட்டு.

இன்னொரு செலவு ஆசிரியரின் நேரம். தளபாடம் மாறியதும் படிப்பித்தல் தானாக மாறாது. எங்கள் குழு ஒரு பாடசாலைக்கு மேசைகள் கொடுத்து ஒரு மாதத்தின் பின் போய்ப் பார்த்தபோது எல்லாம் பழையபடி வரிசையாக நின்றன. அந்த ரீச்சரில் பிழையில்லை. குழுவாக இருத்தி எப்படிப் பாடம் நடத்துவது என்று நாங்கள் யாரும் அவரோடு இருந்து கதைக்கவில்லை. மேசைகளைப் பக்கத்திலுள்ள தச்சரிடம் செய்விப்பது பல விதத்தில் நல்லது. முதலில் ஒரே ஒரு மேசை செய்வித்து, இரண்டு கிழமை வகுப்பில் வைத்துப் பார்த்துவிட்டு மற்றவற்றைச் சொல்லலாம். கால் ஆடினால் மறுநாளே ஆணி அடிக்க ஆள் வரும். கரையோரத்தில் இரும்புக் காலைவிட மரக்கால் நின்றுபிடிக்கும்.

எங்கே பொருந்தும். 35 பிள்ளைகளுக்கு மேற்படாத ஆரம்ப வகுப்புகள், தனிச்சுவருள்ள அறைகள். படுவான்கரைச் சிறு பாடசாலைகளில் இரண்டு தரத்துப் பிள்ளைகளை ஒரே ரீச்சர் வைத்துப் படிப்பிக்கும் நிலை உண்டு. அங்கே இதைவிடச் சிறந்த முதலீடு எனக்குத் தெரியவில்லை. ஒரு தரம் சுவரில் எழுத, மறுதரம் ரீச்சரோடு பாயில் இருக்கும். 45 பிள்ளைகள் நெருங்கியிருக்கும் நகர வகுப்புகளில் இது சரிவராது.

## வழி மூன்று: ஸ்மார்ட் போட்டும் ஏசியும்

தொட்டு எழுதக்கூடிய பெரிய மின்திரையும் குளிரூட்டியும். நன்கொடையாளர்களுக்குப் பிடித்தது இதுதான். படம் எடுக்கலாம், திறப்பு விழா வைக்கலாம், பெயர்ப்பலகை மாட்டலாம். அவர்களின் நல்ல மனதை நான் குறைத்துச் சொல்லவில்லை. உயர்தர விஞ்ஞானப் பிள்ளைகளுக்கு இதயத்தின் வால்வு திறந்து மூடுவதை அசையும் படமாகக் காட்டுவதற்கும், கரும்பலகையில் வரைந்து காட்டுவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. அந்த இடத்தில் திரை தேவைதான்.

ஆனால் ஊடாடும் திரை என்பதில் ஊடாடுவது யார்? திரையின் முன்னால் ஒரு நேரத்தில் இரண்டு பிள்ளைகள் நிற்கலாம். மற்ற 33 பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் முன்பு சொன்ன கரும்பலகைச் சுவரில் அதே நேரம் பன்னிரண்டு கைகள் எழுதும்.

ஏசியைப் பற்றிக் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம், வருடத்துக்கு 200 பாடசாலை நாட்கள். சாதாரண 70 வாற்று மின்விசிறி நான்கு போட்டால் வருடத்துக்கு ஏறத்தாழ 336 அலகு (யூனிற்) மின்சாரம். புதிய வகைச் சிக்கன மின்விசிறி 30 வாற்றுதான் எடுக்கும், நான்குக்கும் 144 அலகு. 35 பிள்ளைகள் இருக்கும் அறைக்குப் போதுமான ஏசி, சராசரியாக ஒன்றரை கிலோவாற்று என்று குறைத்தே வைத்தாலும், 1,800 அலகு. பெரிய திரை 200 வாற்று, ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் என்றால் 120 அலகு. பில்லை ஏற்றுவது திரை அல்ல, ஏசிதான்.

காசைவிட எனக்குக் கவலை காற்றைப் பற்றி. சாதாரண ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே எடுப்பதில்லை, உள்ளே இருப்பதையே குளிராக்கிச் சுற்றும். யன்னல் அடைத்த அறையில் 35 பிள்ளைகள் மூச்சு விட்டால் ஒரு பாடவேளை முடியுமுன் காபனீரொட்சைட்டு மில்லியனுக்கு 2,000 பங்கைத் தாண்டிவிடும். வெளிக்காற்றில் அது 420 அளவில்தான். கொட்டாவியும் தலையிடியும் அதோடு வரும். ஒரு பிள்ளைக்குத் தடிமன் என்றால் கிழமை முடியுமுன் பாதி வகுப்புக்குத் தடிமன்.

கண்ணுக்குத் தெரியாத செலவு. நான் படிப்பித்த ஒரு பாடசாலையில் இப்படி ஓர் அறை கிடைத்தது. பெரிய திரை, ஏசி, நீலத் திரைச்சீலை. களவு போய்விடும் என்ற பயத்தில் கதவுக்கு இரண்டு பூட்டு. சாவி அலுவலக லாச்சியில். பிள்ளைகள் அந்த அறைக்குப் போனது பெரும்பாலும் அதிகாரிகள் வந்த நாட்களில். இரண்டாவது வருடம் ஒக்டோபர் மாத இடிமின்னலில் திரை கருகியது. நிலத்தொடுப்புக் கம்பி சரியாகப் போடப்படவில்லை, மின்பாய்ச்சலைத் தடுக்கும் கருவியும் இல்லை. கொழும்பிலிருந்து ஆள் வந்து பார்க்கக் கேட்ட தொகையைப் பாடசாலையால் கொடுக்க முடியவில்லை. நான் ஓய்வு பெறும்போது அந்த அறையில் பழைய பாடப்புத்தகங்கள் அடுக்கப்பட்டிருந்தன. என் வகுப்புப் பிள்ளைகள் அப்போதும் தகரக் கூரையின் கீழே வியர்த்துக்கொண்டிருந்தார்கள். இதை நினைக்கும்போது இன்றும் மனம் பொறுக்கவில்லை.

திரை வாங்குவதென்றால் மின்தொடுப்பு, நிலத்தொடுப்பு, மின்பாய்ச்சல் தடுப்பு, கரையோரமானால் வருடத்துக்கு இரண்டு தடவை உப்புத்தூசி சுத்தம் செய்தல், இவ்வளவையும் விலையோடு சேர்த்துக் கேளுங்கள். தமிழ் மொழிமூலப் பாடங்களைத் திரைக்கு ஏற்றபடி யார் தயாரிப்பார்கள் என்றும் கேளுங்கள். அதற்கு ஆள் இல்லாவிட்டால் அது பெரிய தொலைக்காட்சிதான். அப்படியானால் சாதாரணத் தொலைக்காட்சி ஒன்றைத் தள்ளுவண்டியில் பொருத்தி நான்கு வகுப்புகளுக்குப் பொதுவாக வைக்கலாம். விலையிலும் பெரிய குறைவு.

எங்கே பொருந்தும். உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவு உள்ள நகரப் பாடசாலை, அதைப் பொறுப்பெடுக்கும் தகவல் தொழில்நுட்ப ஆசிரியர், மாடியில் பாதுகாப்பான அறை, கட்டணத்துக்கு நிலையான வருமானம். இந்த நான்கும் இருந்தால் தாராளமாகச் செய்யலாம். கட்டடத்தின் கூரை உறுதியாக இருந்தால் சூரியத் தகடும் யோசிக்கலாம். ஒரு கிலோவாற்றுத் தகடு மாதம் 120 அலகு அளவில் தரும். பழைய அஸ்பெஸ்டஸின் மேல் மட்டும் அதை ஏற்ற வேண்டாம்.

## வழி நான்கு: வெளி வகுப்பறை

மரநிழலில் அரைவட்டமாகச் சீமெந்துத் திண்ணை, அல்லது கிடுகு வேய்ந்த, அரைச்சுவர் வைத்த குடில். நான்கு வழியிலும் செலவு குறைந்தது இது. காலை ஏழரை முதல் பத்து மணி வரை எங்கள் ஊரில் வேப்பமரத்தின் கீழே கிடைக்கும் குளிர்ச்சியை எந்த இயந்திரமும் தராது. சுற்றாடல் பாடம், வாசிப்பு, பாட்டு, நாடகம் எல்லாம் அங்கே உயிர் பெறும்.

கண்ணுக்குத் தெரியாத செலவு. கிடுகு இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். வாடை மழை வடகிழக்குப் பக்கத்தால் சாய்ந்து அடிப்பதால் நவம்பர் முதல் சனவரி வரை அந்தக் குடில் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். தென்னைக்குக் கீழே வகுப்பு வைக்கவே கூடாது. ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் இடி முழக்கம் பெரும்பாலும் பிற்பகல் இரண்டுக்குப் பிறகுதான் வரும், ஆனால் மாலை வகுப்பு வைப்பவர்கள் மரத்தடியைத் தவிர்க்க வேண்டும். வீதியோரப் பாடசாலையில் பஸ் இரைச்சல். காட்டோரக் கிராமங்களில் குரங்கும் யானையும். யானை வரும் இடங்களில் மதிய உணவுக்கான அரிசியையோ தோட்டத்து வாழையையோ குடிலின் பக்கத்தில் வைப்பது ஆபத்து.

எங்கே பொருந்தும். வகுப்பறையின் இடத்துக்கு அல்ல, வகுப்பறைக்கு மேலதிகமாக. நெரிசலான பாடசாலையில் ஒரு குடில் இருந்தால் ஒரு நேரத்தில் ஒரு வகுப்பாவது வெளியே போகும்.

## ஒரே பார்வையில்

| கேள்வி | கூரை, காற்று | தளபாடம், சுவர் | திரை, ஏசி | வெளி வகுப்பு |
|---|---|---|---|---|
| மே மாத நண்பகலில் இருக்க முடியுமா? | முடியும் | மாற்றமில்லை | முடியும், மின்சாரம் இருந்தால் | பத்து மணி வரை |
| பின்வரிசைக்குக் கேட்குமா? | சீலிங் இருந்தால் | தனிச்சுவர் வேண்டும் | கேட்கும் | வீதி தூரமானால் |
| எத்தனை கைகள் வேலை செய்யும்? | பொருந்தாது | எல்லாக் கைகளும் | இரண்டு, மூன்று | நிறைய |
| வெள்ளத்தில் | பெரிய சேதமில்லை | அடுக்கி ஏற்றலாம் | கீழ்மாடியானால் இழப்பு | திண்ணை மிஞ்சும் |
| ஊரில் திருத்த ஆள் | மேசன், தச்சர் | தச்சர் | அரிது | எல்லோரும் |
| மாதச் செலவு | இல்லை | இல்லை | கட்டணம் கூடும் | இல்லை |

## மூவருக்கும் நான் சொன்னது

களுவாஞ்சிக்குடித் தந்தையின் பாடசாலையில் நீண்ட மண்டபத்தில் நான்கு வகுப்புகள், நடுவே தட்டி. அவர்கள் வண்ண மேசைக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். மேசையை நிறுத்திவிட்டு, இரண்டு தடுப்புச் சுவரும் சீலிங்கும் முதலில் என்றேன். இருக்கிற மேசைகளின் காலை வெட்டி ஒரே உயரமாக்க ஒரு தச்சருக்கு மூன்று நாள் வேலை. புது மேசை அடுத்த வருடம் பார்க்கலாம்.

திருக்கோவில் அதிபரின் கட்டடம் ஓட்டுக் கூரை, இரண்டு பக்கமும் யன்னல், வகுப்புக்கு முப்பதுக்குள் பிள்ளைகள். வெக்கை அங்கே பெரிய பிரச்சினை இல்லை. அவருக்கு வழி இரண்டை முழுதாகச் செய்யச் சொன்னேன். அதோடு வாசலை மூன்றடி அகலமாக்கி, ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்ற கணக்கில் சாய்தளம் ஒன்றும். அந்தப் பாடசாலையில் சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை ஒன்று இருக்கிறது. தினமும் அந்தப் பிள்ளையை இரண்டு பேர் தூக்கித்தான் உள்ளே விடுகிறார்கள் என்று அவர் சொன்னபோது, மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இந்த வேலையை முடியுங்கள் என்றேன்.

கனடாவிலிருந்து கேட்ட மாணவனுக்குத்தான் நீண்ட நேரம் விளக்க வேண்டியிருந்தது. அவர்களுக்குத் திரை ஆசை. "மகன், நீ தரம் 4 இல் எந்த இடத்தில இருந்தாய் எண்டு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன். "யன்னலுக்குப் பக்கத்தில ரீச்சர். அந்த இடத்துக்கு எல்லாரும் அடிபடுவம்" என்றான். காற்று வரும் இடம் அது ஒன்றுதான். 35 பிள்ளைகளுக்கும் அந்த இடம் கிடைக்கச் செய்யலாமா என்று கேட்டதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். இப்போது சேர்ந்திருக்கும் பணத்தில் கூரைக்கும் எதிர்ச்சுவர் யன்னலுக்கும் பாதிக்கு மேல் ஒதுக்கி, மிச்சத்தில் கரும்பலகைச் சுவரும் சிக்கன மின்விசிறி நான்கும் என்று பேசியிருக்கிறோம். திரையை அவர்கள் கைவிடவில்லை. இரண்டாம் கட்டத்தில், தள்ளுவண்டித் தொலைக்காட்சியாக அது வரும்.

உங்கள் குழுவும் இப்படி ஒரு முடிவின் முன்னால் நின்றால், கூட்டத்துக்கு முந்திய கிழமை ஒரு வேலை செய்யுங்கள். மருந்துக்கடையில் சுவர் வெப்பமானி ஒன்று வாங்கி, வகுப்பின் நடுவே பிள்ளையின் தலை உயரத்தில் தொங்கவிட்டு, காலை எட்டுக்கும் பத்துக்கும் பன்னிரண்டுக்கும் என ஐந்து நாள் குறித்து வாருங்கள். பின்வரிசைக் கதிரையில் நீங்களே ஒரு பாடவேளை முழுவதும் இருந்து, எத்தனை சொல் கேட்கவில்லை என்றும் எழுதுங்கள். ஐந்து வரி கொண்ட அந்தத் தாளைக் கூட்டத்தில் முதலில் வாசித்துவிட்டு, அதற்குப் பிறகு விலைப்பட்டியலைத் திறவுங்கள்.